தோளுக்கு மேல் ஓர் அங்குலம்: ரக்பியில் சிவப்பு அட்டை எப்படி விழுகிறது

2022 ஜூலை 9. நியூசிலாந்தின் டனீடின் நகரில் அயர்லாந்துடன் இரண்டாவது டெஸ்ட், அதாவது நாட்டு அணிகள் மோதும் சர்வதேச ஆட்டம். பந்தோடு ஓடிவந்த அயர்லாந்தின் கேரி ரிங்ரோஸை மறிக்க, நியூசிலாந்தின் முன்வரிசை வீரர் ஆங்கஸ் டாவாவோ நிமிர்ந்தபடியே போனார். இருவர் தலையும் மோதின. டாவாவோவுக்குச் சிவப்பு அட்டை: அவர் திரும்ப முடியாது, பதினைந்து பேர் அணி ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும். சரியாக ஒரு வாரம் கழித்து வெலிங்டனில் அதே இரண்டு அணிகள். இம்முறை நிமிர்ந்து நின்றவர் அயர்லாந்தின் ஆண்ட்ரூ போர்ட்டர். அவர் தலை ப்ரோடி ரெட்டாலிக்கின் முகத்தில் இடித்து, ரெட்டாலிக்கின் கன்ன எலும்பு முறிந்தது. போர்ட்டருக்கு மஞ்சள் அட்டைதான்; பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். அயர்லாந்து 32-22 என்று வென்று, நியூசிலாந்து மண்ணில் முதன்முறையாக ஒரு தொடரைக் கைப்பற்றியது.

எலும்பு முறிந்த இடத்தில் சின்னத் தண்டனை, முறியாத இடத்தில் பெரிய தண்டனை. நியூசிலாந்து ரசிகர்கள் கொதித்ததில் வியப்பே இல்லை. ஆனால் நடுவர் வெய்ன் பார்ன்ஸ் மைதானத்திலேயே காரணத்தைச் சொன்னார்: போர்ட்டர் பாய்ந்து இடிக்கவில்லை, வந்த மோதலை நின்ற இடத்தில் வாங்கிக்கொண்டார், ஆகவே ஆபத்தின் அளவு குறைவு. இந்த ஒரு வாக்கியத்துக்குள் இன்றைய ரக்பி ஒழுங்குமுறையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அடிபட்டவருக்கு என்ன ஆயிற்று என்பதை அது அளப்பதில்லை. அடித்தவர் மனதில் என்ன இருந்தது என்பதையும் பெரும்பாலும் அளப்பதில்லை. எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எந்த உடல்நிலையில் போனார் என்பதைத்தான் அளக்கிறது.

விதி என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரக்பியில் பந்து வைத்திருப்பவரை மட்டுமே பிடித்து வீழ்த்தலாம். அதற்குப் பெயர் டேக்கிள். விதிப்புத்தகத்தின் 9-ஆம் விதி முழுக்க முறைகேடான ஆட்டத்தைப் பற்றியது. அதில் 9.13, முன்கூட்டியோ தாமதமாகவோ ஆபத்தாகவோ டேக்கிள் செய்யக்கூடாது என்கிறது. தோள்களின் கோட்டுக்கு மேல் போனாலே ஆபத்து. கீழே தொடங்கி மேலே வழுக்கிப் போனாலும் கணக்கு அதேதான். 9.18, எதிராளியைத் தூக்கி, தலையோ மேலுடம்போ தரையில் படும்படி போடுவதைத் தடுக்கிறது. பந்துக்காக எம்பிக் குதித்தவரைக் காற்றிலேயே இடிப்பது, கையால் அணைக்காமல் தோளால் மட்டும் முட்டுவது, தரையில் பந்துக்காக நடக்கும் தள்ளுமுள்ளான ரக்கில் ஓடிவந்து மோதுவது என்று பட்டியல் நீளும். கடித்தல், கண்ணில் விரல் விடுதல், குத்துதல் ஆகியவையும் இதே விதியின் கீழ்தான் வருகின்றன.

இந்தக் கடைசி வகைதான் ஒருகாலத்தில் முறைகேடு என்றாலே நினைவுக்கு வரும். 1995 உலகக் கோப்பையில் போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்காவும் கனடாவும் ஆடியபோது கைகலப்பு மூண்டு மூன்று பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதில் தென்னாப்பிரிக்காவின் ஜேம்ஸ் டால்டன் இறுதிப் போட்டியையே இழந்தார். அதே சண்டைக்காகப் பிறகு பீட்டர் ஹென்ட்ரிக்ஸும் தடை செய்யப்பட, அவர் இடத்தில்தான் காயத்திலிருந்து மீண்ட செஸ்டர் வில்லியம்ஸ் அணிக்குள் வந்தார். 2009-இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸுக்கு எதிராகப் பிரிட்டோரியாவில் ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே ஷால்க் பர்கரின் விரல்கள் லூக் ஃபிட்ஸ்ஜெரால்டின் கண்ணருகே போயின. மைதானத்தில் மஞ்சள் அட்டைதான் கிடைத்தது. பின்னர் எட்டு வாரத் தடை.

கேமராக்கள் பெருகப் பெருக இந்த வகைக் கோபம் குறைந்தது. பத்துக் கோணங்களில் படம் பிடிக்கும் இடத்தில் குத்துவிடுவது முட்டாள்தனம் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போதாவது மறந்துபோகிறவர்கள் உண்டு. 2019 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சின் செபாஸ்டியன் வாஹாமஹினா, வேல்ஸின் ஏரன் வெயின்ரைட்டின் முகத்தில் முழங்கையை வீசி வெளியேறினார். பிரான்ஸ் ஒரே புள்ளியில், 20-19 என்று, தோற்றது. (இதில் ஒரு பின்குறிப்பு: அன்றைய நடுவர் யாக்கோ பெய்பர், ஆட்டத்துக்குப் பிறகு வேல்ஸ் ரசிகர்களோடு முழங்கையை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் வெளியானதும் அரையிறுதி நடுவர் பட்டியலில் அவர் பெயர் பரிசீலிக்கப்படவில்லை. ஒழுங்கு எல்லோருக்கும்தான்.)

குத்துச்சண்டை குறைந்துவிட்டது என்றால் சிவப்பு அட்டையும் குறைந்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது தலைகீழ். நியூசிலாந்து ஆண்கள் அணியின் கணக்கைப் பாருங்கள். 1925-இல் சிரில் பிரௌன்லீ, 1967-இல் கோலின் மீட்ஸ். 2017 ஜூன் வரை டெஸ்ட் ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் இந்த இருவர் மட்டும். 2017 ஜூலை 1 அன்று வெலிங்டனில் லயன்ஸின் ஆந்தனி வாட்சன் தலையில் தோளால் இடித்த சோனி பில் வில்லியம்ஸ் மூன்றாமவர். அதற்குப் பிறகு ஏழே ஆண்டுகளுக்குள் ஸ்காட் பாரெட், ஓஃபா துங்காஃபாசி, டாவாவோ, ரெட்டாலிக், சாம் கேன் என்று பட்டியல் நீண்டுவிட்டது. ஆம், கன்ன எலும்பு முறிந்த அதே ரெட்டாலிக்தான். அதே 2022-இல் டோக்கியோவில் ஜப்பானுக்கு எதிராக வெளியேறினார். மீட்ஸ் காலத்து வீரர்களைவிட இவர்கள் முரடர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாறியது அளவுகோல்.

அந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 2005 ஜூன் 25, கிரைஸ்ட்சர்ச். லயன்ஸ் அணித்தலைவர் பிரையன் ஓ'ட்ரிஸ்காலை ஆட்டம் தொடங்கிய இரண்டு நிமிடத்துக்குள் டானா உமாகாவும் கெவன் மியலாமுவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் போட்டார்கள். தோள் மூட்டு விலகியது. அவருடைய சுற்றுப்பயணம் முடிந்தது. அட்டையும் இல்லை, பிறகு விசாரணையும் இல்லை. அந்த அவமானம் நெடுநாள் உறுத்தியது. தூக்கிப் போடுவதற்குச் சிவப்பு அட்டையிலிருந்தே யோசிக்கத் தொடங்குங்கள் என்று நடுவர்களுக்கு அறிவுறுத்தல் போனது.

அதன் முழுச் சுமையையும் சுமந்தவர் சாம் வார்பர்ட்டன். 2011 உலகக் கோப்பை அரையிறுதி, ஆக்லாந்து. வேல்ஸின் 23 வயது அணித்தலைவர், பிரான்சின் வின்சென்ட் கிளெர்க்கைப் பிடித்தார். எடை குறைந்த கிளெர்க் காற்றில் புரண்டு தோள் தரையில் படும்படி விழுந்தார். ஆட்டத்தில் இருபது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நடுவர் அலெய்ன் ரோலண்ட் தயங்காமல் சிவப்பு அட்டையை எடுத்தார். 14 பேரோடு ஒரு மணி நேரம் போராடிய வேல்ஸ் 9-8 என்று தோற்றது. வார்பர்ட்டனிடம் வன்மம் இல்லை என்பதை ரோலண்டும் அறிந்திருப்பார். விதி அதைக் கேட்கவில்லை. அந்த முடிவு சரிதான் என்று பின்னாளில் வார்பர்ட்டனே ஒப்புக்கொண்டார். நோக்கத்தைத் தேடும் பழைய பார்வைக்கும், செயலின் ஆபத்தை மட்டும் எடைபோடும் புதிய பார்வைக்கும் நடுவில் கோடு கிழித்த இரவு அது என்பேன்.

அடுத்து வந்தது தலை. உலக ரக்பி அமைப்பு, தலைக்காயப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 611 சம்பவங்களின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்தது. நான்கில் மூன்று டேக்கிளின்போது நிகழ்ந்தவை. இதை யாரும் ஊகித்திருக்கலாம். ஊகிக்காதது அடுத்த கணக்கு: டேக்கிளில் தலையில் அடிபட்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் டேக்கிள் செய்தவர்கள். பந்தோடு ஓடியவர்கள் சிறுபான்மைதான். நிமிர்ந்தபடி போகிறவர் தன் மண்டையை எதிராளியின் மண்டைக்கு நேராகக் கொண்டுபோய் வைக்கிறார். குனிந்து போகிறவருக்கு அந்த அபாயம் குறைகிறது. தண்டனை வாங்குகிறவரே பெரும்பாலும் அடிபடுகிறவரும்கூட. பிறரைக் காப்பதற்கான விதி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பது, உண்மையில் குற்றவாளியையும் அவரிடமிருந்தே காக்கும் விதி.

2020 டிசம்பரில் இந்தப் பேச்சுக்கு முகங்கள் கிடைத்தன. 2003-இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்சன், வேல்ஸின் அலிக்ஸ் போப்பம் உள்ளிட்ட முன்னாள் வீரர்கள், நடுத்தர வயதிலேயே மறதிநோய் கண்டதாகச் சொல்லி ரக்பி அமைப்புகள்மீது சட்ட நடவடிக்கையில் இறங்கினார்கள். கோப்பையை வென்ற நாளே தனக்கு நினைவில் இல்லை என்றார் தாம்சன். நீதிமன்றங்களில் வழக்கு வருவதற்கு முன்பே விதி இறுகத் தொடங்கியிருந்தது என்றாலும், அதற்குப் பின் அதைத் தளர்த்துவது பற்றி வெளிப்படையாகப் பேசவே பலர் தயங்கினார்கள்.

நடுவர்களின் கையில் கொடுக்கப்பட்ட கருவிக்கு 2019 மே மாதம் ஒரு வடிவம் வந்தது. 2021 மார்ச்சில் அது தலைமோதல் நடைமுறையாகத் திருத்தப்பட்டது. நான்கு கேள்விகள். தலையில் மோதல் நடந்ததா? முறைகேடு இருந்ததா? ஆபத்து எவ்வளவு? தண்டனையைக் குறைக்கக் காரணம் உண்டா? இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்றால் ஆட்டம் தொடரும். தலைகள் தற்செயலாக மோதிக்கொள்வதும் உண்டுதானே. மூன்றாவதில் வேகம், நேரடி மோதலா, தோளில் பட்டு வழுக்கியதா, பாய்ந்தாரா, தாங்கினாரா என்பவை பார்க்கப்படும். போர்ட்டர் தப்பித்தது இந்தக் கட்டத்தில். நான்காவதில், பந்துவைத்திருப்பவர் கடைசி நொடியில் சட்டென்று குனிந்தாரா, திசை மாறினாரா என்று கேட்பார்கள். ஆம் என்றால் ஒரு படி இறங்கும்: சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் வெறும் பெனால்டியாகும். ஆனால் கையால் அணைக்கவே முயலாத தோள்முட்டு போல, எப்படிப் பார்த்தாலும் விதிமீறலான செயலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

காகிதத்தில் தெளிவு. மைதானத்தில்? 2019 உலகக் கோப்பையில் ஃபிஜியின் பெசெலி யாட்டோவை ஆஸ்திரேலியாவின் ரீஸ் ஹாட்ஜ் தோளால் நிறுத்தினார். யாட்டோ தலைக்காயத்தோடு வெளியேறினார். அட்டை ஏதும் காட்டப்படவில்லை. பிறகு நடந்த விசாரணையில் ஹாட்ஜுக்கு மூன்று ஆட்டத் தடை. தீர்ப்பில் ஒரு வரி என்னை இன்றும் திகைக்கவைக்கிறது. உயர டேக்கிள்களுக்கான அந்த நடைமுறை பற்றித் தனக்குப் பெரிதாக எதுவும் தெரியாது என்று ஹாட்ஜ் சாட்சியத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். உலகக் கோப்பையில் ஆடுகிற ஒரு தொழில்முறை வீரர்! கேள்வித்தாள் நடுவரிடம் இருந்தது, பாடம் வீரரிடம் போய்ச் சேரவில்லை.

2023-இல் இன்னொரு அடுக்கு சேர்ந்தது. நடுவருக்கு மஞ்சளா சிவப்பா என்று உறுதியில்லை என்றால், கைகளைக் குறுக்கே கட்டிக் காட்டி மஞ்சள் கொடுத்து வீரரை வெளியே அனுப்பிவிடலாம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். பங்கர் என்று அழைக்கப்படும் அறையில் இருக்கும் அதிகாரி எட்டு நிமிடத்துக்குள் காணொளிகளைப் பார்த்து, மஞ்சளாகவே விடலாமா, சிவப்பாக உயர்த்த வேண்டுமா என்று முடிவு செய்வார். பெரிய திரையை நடுவரும் அரங்கமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற நிமிடங்கள் இதனால் குறைந்தன. ஆனால் பார்ன்ஸ் போல ஒருவர் தன் காரணத்தை உரக்கச் சொல்லக் கேட்கும் வாய்ப்பும் போயிற்று. முடிவு மட்டும் வரும், முகம் வராது.

அதே ஆண்டு அக்டோபர் 28, பாரிஸ் இறுதிப் போட்டியில் இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது. நியூசிலாந்து அணித்தலைவர் சாம் கேன், ஜெஸ்ஸி கிரீலை உயரத்தில் இடித்ததற்காக முதலில் மஞ்சள் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே அது சிவப்பானது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் அதுவே முதல் சிவப்பு அட்டை. இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கோலிசியின் தலை ஆர்டி சவேயாவின் மேல் மோதியது. பங்கர் மஞ்சளோடு நிறுத்தியது. தென்னாப்பிரிக்கா 12-11 என்று வென்றது. நான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டால் இரண்டு முடிவுகளுக்கும் நியாயம் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையை இழந்தவர்களிடம், யார் காதிலும் விழாத கேள்விகளைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது.

ஆட்டம் முடிந்த பிறகு தொடங்கும் கதையில் பாதிப் பேர் கவனம் செலுத்துவதில்லை; அங்குதான் சுவாரசியமே. எந்த அணியையும் சாராத ஓர் அதிகாரி ஆட்டத்தை மறுபடி பார்த்து, நடுவர் தவறவிட்ட சிவப்புக்குரிய செயல்களை விசாரணைக்கு அனுப்பலாம். விசாரணைக் குழுவில் சட்டம் தெரிந்த தலைவரும் பெரும்பாலும் முன்னாள் வீரர்களும் இருப்பார்கள். ஆபத்தான டேக்கிளுக்குப் பல ஆண்டுகளாகப் பழகிவந்த அளவு: கீழ்நிலை 2 வாரம், நடுநிலை 6, மேல்நிலை 10-லிருந்து 52 வரை. தலையில் பட்டிருந்தால் நடுநிலைக்குக் கீழே தொடங்கவே முடியாது. ஒப்புக்கொள்வது, பழைய நன்னடத்தை, வருத்தம் ஆகியவற்றுக்காகப் பாதிவரை குறைக்கலாம். டேக்கிள் பயிற்சி வகுப்புக்குப் போனால் இன்னும் ஓர் ஆட்டம் குறையும். பள்ளிக்குப் போய்த் தண்டனையைக் குறைத்துக்கொள்வது என்று கேலி பேசினாலும், தண்டனைக்கும் திருத்தத்துக்கும் முடிச்சுப் போடுகிற ஒரே ஏற்பாடு அதுதான்.

இந்த அமைப்பு தனக்குத்தானே முரண்பட்ட நாளும் உண்டு. 2023 ஆகஸ்ட் 12 அன்று ட்விக்கன்ஹாமில் வேல்ஸின் டெய்ன் பாஷமை இங்கிலாந்துத் தலைவர் ஓவன் ஃபாரெல் இடித்தார். மஞ்சள், பங்கர், சிவப்பு. மூன்று நாளில் விசாரணைக் குழு அந்தச் சிவப்பை ரத்து செய்தது: பக்கத்தில் இருந்த இன்னொரு இங்கிலாந்து வீரரின் பிடியால் பாஷமின் திசை சட்டென்று மாறியது, அது சலுகைக்குரிய காரணம் என்றது குழு. உலக ரக்பியே மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டுக் குழு கேட்ட கேள்வி வேறு: ஃபாரெல் கையால் அணைக்க முயன்றாரா? முயலவில்லை. அப்படியென்றால் அது எப்படியும் விதிமீறல்தான். சலுகைக் கேள்விக்குப் போகவே தேவையில்லை. ஆறிலிருந்து நான்கு ஆட்டமாகக் குறைத்துத் தடை விதித்தார்கள். ஒரே காணொளி, ஒரு கேள்வியை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதில் குற்றமின்மைக்கும் நான்கு ஆட்டத் தடைக்கும் இடைவெளி. அதே மாதம் டோங்காவின் ஜார்ஜ் மோலா, கனடா வீரர் ஒருவரைத் தூக்கிப் போட்டதற்கு ஐந்து வாரத் தடை பெற்றார். விதிக் கணக்கில் அது சரி. தூக்கிப் போடுதலின் நடுநிலையே பத்து வாரம், அதில் பாதி. ஆனாலும் பெரிய நாட்டு வீரருக்கு ஒரு வாரம் விடுதலை கிடைத்ததையும் சின்ன நாட்டு வீரருக்கு உடனே தடை விழுந்ததையும் பசிபிக் தீவுகளில் சேர்த்தே பார்த்தார்கள். பார்க்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது நடக்கும் பெரிய சச்சரவு 20 நிமிடச் சிவப்பு அட்டை. குற்றம் செய்தவர் திரும்பமாட்டார். ஆனால் 20 நிமிடம் கழித்து அவருக்குப் பதில் வேறொருவர் வரலாம். வேண்டுமென்றே செய்த கொடுஞ்செயலுக்கு மட்டும் பழைய முழுச் சிவப்பு. தெற்கு அரைக்கோளத்தில் தொடங்கிய இந்தச் சோதனை, 2024 இலையுதிர் காலத் தொடரிலும் 2025 ஆறு நாடுகள் போட்டியிலும் வந்தது. 2025 பிப்ரவரியில் கார்டிஃபில் அதே ரிங்ரோஸ், இம்முறை இடித்தவராக, 20 நிமிடச் சிவப்பு வாங்கினார். அயர்லாந்து ஆளெண்ணிக்கையை மீட்டுக்கொண்டு 27-18 என்று வென்றது. பிரான்ஸ் கூட்டமைப்பு தொடக்கத்திலிருந்தே இதை எதிர்த்தது.

ஆதரவாளர்கள் காட்டும் உதாரணம் வலுவானது. 2022 நவம்பரில் ஆக்லாந்தில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி. தொடர்ந்து 30 ஆட்டங்கள் வென்றிருந்த இங்கிலாந்து, 18-ஆம் நிமிடத்தில் லிடியா தாம்சனை இழந்தது; போர்ஷியா உட்மனோடு தலைமோதல். ஒரு மணி நேரம் ஓர் ஆள் குறைவாக ஆடி 34-31 என்று தோற்றது. ஒரு நொடித் தவறுக்கு 22 பேர் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அன்று நியாயமாகவே பட்டது. மறுபக்கம், ஆள் குறைந்தால் ஆட்டமே போச்சு என்பதும் பொய். 2023-இல் மார்சேயில் மூன்றாம் நிமிடத்திலேயே டாம் கரியை இழந்த இங்கிலாந்து, ஜார்ஜ் ஃபோர்டின் 27 புள்ளிகளால் அர்ஜென்டினாவை 27-10 என்று மடக்கியது.

எனக்கு 20 நிமிட அட்டைமேல் ஒரு சந்தேகம் தீரவே இல்லை. வீரர் ஏன் நிமிர்ந்து போகிறார்? சோம்பலால் மட்டும் இல்லை. மார்பளவில் பிடித்தால் பந்தும் சேர்ந்து மாட்டும். விழும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கடத்த முடியாது. ஒருவர் கீழே, ஒருவர் மேலே என்று இரட்டையாகப் போனால் ஓடிவருபவரைப் பின்னுக்கே தள்ளலாம். ரக்பியின் இன்னொரு வடிவமான ரக்பி லீக்கிலிருந்து வந்த தடுப்பாட்டப் பயிற்சியாளர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். அதாவது உயரம் என்பது வீரரின் தவறாகத் தெரிந்தாலும், வாரம் முழுக்கப் பயிற்சி மைதானத்தில் எடுக்கப்பட்ட முடிவு. அந்த முடிவை எடுப்பவர் அணியோடு சேர்ந்து வலியை உணரவேண்டும் என்றால், அணிக்கு வலிக்கிற தண்டனைதான் வேலை செய்யும்.

சாதாரண நிலையில் ஆடுபவர்களுக்கு இந்தக் கோடு ஏற்கெனவே இறங்கிவிட்டது. பிரான்ஸ் 2019-இல் அமெச்சூர் ஆட்டத்தில் இடுப்பளவு என்று வகுத்தது. இங்கிலாந்து 2023 ஜனவரியில் இடுப்பு என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு, ஜூலையிலிருந்து நெஞ்செலும்பின் அடிப்பகுதி என்று நிறுத்தியது. சர்வதேச ஆட்டத்தில் இன்னும் தோள்கோடுதான். நெஞ்செலும்பின் அடியிலிருந்து தோள்வரை ஒரு சாண் இருக்கலாம். கிளப்பில் அந்தச் சாணைத் தொடக்கூடாது என்று கற்ற இளைஞர், தேசிய அணிக்குள் நுழைந்ததும் தடுப்பாட்டப் பயிற்சியாளர் அதே சாணுக்குள் பந்தை எப்படிப் பூட்டுவது என்று கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறார். ஓர் அங்குலம் தவறினால் என்ன ஆகும் என்பதை மட்டும் பங்கரில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.